கணவாய்க்கு இந்தப் பக்கம்

ஊருக்கும் ஊருக்கும் நடுவே கிடந்த ஒரு சாலையில் முன்பொரு நாள் ஒரு லாடம் நடந்துகொண்டிருந்தது. லாடம் எங்கேயாவது நடக்குமா, மாடுதானே நடக்கும் என்று நீங்கள் கேட்கலாம். மாடும் அப்படித்தான் நினைத்தது. லாடத்துக்கு மட்டும், தான் இல்லாவிட்டால் இந்த மாடு ஓரடி எடுத்து வைக்காது என்று எண்ணம். புதிதாக வேலையில் சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் இருக்கிற எண்ணம்தான்.

மாட்டின் பெயர் மயிலை. சாம்பல் நிறம். பதினாறு வருடம் ஒரே கிணற்றில் கமலை இழுத்த மாடு அது. கிணற்றுக்குள் இறங்கும் தோல் பையில் கயிறு கட்டி, மாட்டை வைத்துத் தண்ணீரை மேலே இழுப்பதுதான் கமலை. மாடு சரிவில் இருபது அடி முன்னே இறங்கும். பை மேலே வந்து தண்ணீரைக் கொட்டும். பிறகு அதே இருபது அடியைப் பின்னாலேயே நடந்து ஏறும். மயிலையின் உலகம் அந்த இருபது அடிதான். கிணற்றில் மோட்டார் வைத்த மறுமாதம் அதை மணப்பாறைச் சந்தைக்கு ஓட்டி வந்துவிட்டார்கள்.

விற்றவர் கெட்டவர் இல்லை. கைமாறும் நேரத்தில் மாட்டின் நெற்றியைத் தடவினார், மூக்கை உறிஞ்சினார், ஆனாலும் பழைய கயிற்றை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். மாட்டை விற்றாலும் கயிற்றை விற்கக் கூடாது, விற்றால் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. கழுத்து மணியையும் கழற்றிக்கொண்டார். அப்படியாக மயிலையிடம் அதன் பழைய வாழ்க்கையைத் தெரிந்த பொருள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

வாங்கியவர்கள் இரண்டு பேர். மாமுண்டி, அவருடைய தங்கை புருஷன் பிச்சைமுத்து. மலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு வியாபாரிக்காகச் சந்தையில் மாடு பிடித்து, நாற்பது நாற்பதாக நடத்திக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் தொழில். பதினொரு நாள் நடை. தார்ச்சாலையில் அவ்வளவு தூரம் வெறும் குளம்போடு நடந்தால் மாடு பாதி வழியிலேயே படுத்துவிடும். அதனால் நாற்பது மாட்டுக்கும் சந்தையிலேயே லாடம் அடித்தார்கள். மாட்டுக்குக் குளம்பு பிளந்திருப்பதால் காலுக்கு இரண்டாக எட்டு லாடம். நம்முடைய லாடம் முன்னங்காலில், வலது பக்கம், வெளிக் குளம்பில் ஏறியது. மூன்று ஆணிகள் அதைப் பிடித்திருந்தன.

ஏறியதிலிருந்து அது வாயை மூடவில்லை.

முதல் நாள் மயிலை அதனிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். "நம்மை எதற்கு வாங்கியிருக்கிறார்கள்?"

"இது என்ன கேள்வி?" என்றது லாடம். "புது இரும்பு, புது ஆணி, தேர்ந்த கை வைத்து அடித்திருக்கிறார்கள். வேலை வாங்காதவன் லாடம் அடிப்பானா? மலைக்கு அந்தப் பக்கம் உனக்கு ஒரு நல்ல வேலை காத்திருக்கிறது."

மயிலைக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. மோட்டார் வந்த அன்றிலிருந்து ஒரு மாதம் அது கட்டுத்தறியில் சும்மா நின்றிருந்தது. தீனி வந்தது, தண்ணீர் வந்தது, யாரும் கூப்பிடத்தான் வரவில்லை. அந்த ஒரு மாதம்தான் பதினாறு வருடத்தையும்விட அதைக் களைப்பாக்கியிருந்தது. யாருக்காவது தான் இன்னும் வேண்டும் என்ற வார்த்தை அதன் காதில் விழுந்ததும் காது இரண்டும் தானாக நிமிர்ந்தன.

ஆனால் பழக்கம் லேசில் விடுமா? இருபது அடி போனதும் மயிலை நிற்கும். நின்று, தலையைத் தாழ்த்திக்கொண்டு, பின்னாலேயே நடக்க ஆரம்பிக்கும். பின்னால் வருகிற மாடுகள் அதன்மேல் முட்டும்.

"என்ன மச்சான், இது ஊருக்கே திரும்பிப் போவுது?" என்று பிச்சைமுத்து சிரிப்பார்.

"கமலை மாடுடா மாப்ளே. அதுக்கு ரோடுன்னா என்னன்னு தெரியாது. குத்தாத, தானாப் பழகிக்கும்" என்பார் மாமுண்டி.

மூன்று நாள் லாடம் அதற்காகப் படாத பாடு பட்டது. "இது கிணற்று மேடு இல்லை. இந்தப் பாதை திரும்பாது. முன்னே வை, இன்னும் முன்னே வை" என்று ஒவ்வொரு இருபதாவது அடியிலும் சொன்னது. நான்காம் நாள் மயிலை பின்னடி வைப்பதை விட்டது. ஆறாம் நாள், நிற்காமல் போகிற பாதையை அதற்குப் பிடித்தே போய்விட்டது. பழனி மலை இடது கைப் பக்கம் வந்து, நின்று, பின்னால் போனதை அது திரும்பித் திரும்பிப் பார்த்தது. இத்தனை வருடம் தன் கண்ணுக்கு எதிரே இருந்தது ஒரு வேப்பமரம் மட்டும்தானே என்று வருத்தப்பட்டது.

மாமுண்டியின் கையிலிருந்த தார்க்குச்சி இதையெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தது. அது பழைய குச்சி. பிடித்த இடம் மழமழவென்று தேய்ந்திருந்தது. வழியில் ஒரு வார்த்தை பேசாது. குத்தச் சொன்னால் குத்தும், அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள் மேற்கே மலை தெரிந்தது. மலைக்கு நடுவே வாய் திறந்தாற்போல் ஓர் இடைவெளி. அதுதான் கணவாய். அங்கிருந்து வந்த காற்றில் மழையின் ஈரம் இருந்தது. மற்ற மாடுகள் மூக்கை உயர்த்திக்கொண்டு வேகமாக நடந்தன. மயிலை மட்டும் பின்தங்கியது.

வலது முன்னங்காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. லாடத்தின் மூன்றாவது ஆணியைச் சந்தையில் கொஞ்சம் உள்தள்ளி அடித்திருந்தார்கள். எட்டு நாள் நடையில் அது மெல்ல மெல்லச் சாய்ந்து சதையைத் தொட்டுவிட்டது.

"என்ன செய்கிறாய் நீ?" என்று லாடம் ஆணியைக் கடிந்துகொண்டது.

"நான் என்ன செய்தேன்? சுத்தியல் அடித்த திசையில் போனேன்" என்றது ஆணி.

அன்று சாயங்காலம் சாலையோரத்துத் தென்னந்தோப்பு ஒன்றில் மாடுகளை இறக்கினார்கள். தோப்புக்காரர் திருமலைச்சாமி, இந்த வழியாகப் போகிற மாட்டுக்காரர்களுக்குத் தொட்டியில் தண்ணீர் விடுகிறவர். ஒல்லியான மனிதர். மாடுகளுக்கு நடுவே நடந்து வந்தவர் மயிலையின் முன்னால் நின்றார்.

"ஏனுங்க, இந்த மயிலை நொண்டறாப்பல இருக்குதுங்களே?"

"ஆமாங்க. மத்தியானத்துலருந்து காலை இழுக்குது" என்றார் மாமுண்டி.

திருமலைச்சாமி குனிந்து காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு திமிலை மெல்லத் தடவிக்கொடுத்தார். சும்மா நின்று தின்ற அந்த ஒரு மாதத் தீனியில் வராத ஒரு நிம்மதி அந்தத் தடவலில் மயிலைக்கு வந்தது. உடனே கண்ணை மூடிக்கொண்டது.

"தோப்புல விழுகிற தேங்காயக் களத்துக்கு இழுத்துப் போட ஒத்த மாட்டு வண்டி ஒண்ணு வெச்சிருக்கறனுங்க. மாடு போய்ச் சேந்துருச்சு. கெழடா இருந்தாலும் பரவால்லீங்க, சாதுவா ஒண்ணு வேணும். இதைய விட்டுட்டுப் போறீங்களா?"

மாமுண்டி யோசித்தார். "நொண்டுற மாடு எப்படியும் கணவாய் ஏறாதுங்க. விடிஞ்சதும் எழுப்பி நடத்திப் பாப்போம். நடக்கலைன்னா நீங்களே வச்சுக்கங்க. நடந்துச்சுன்னா மட்டும் கேக்காதீங்க. நாப்பதும் வந்து சேரணும்னு அங்கேர்ந்து சொல்லி அனுப்பியிருக்காங்க."

"சரீங்க" என்று திருமலைச்சாமி வீட்டுப் பக்கம் போனார். போனவர் ஒரு வாளி நிறையக் கழுநீரில் பருத்திக்கொட்டை கலந்து கொண்டுவந்து மயிலைக்கு மட்டும் வைத்துவிட்டுப் போனார்.

இவ்வளவையும் லாடம் கேட்டது. கேட்டதில் அதற்குப் புரிந்தது ஒன்றுதான்: விடிந்ததும் ஒரு பரீட்சை இருக்கிறது. நடந்தால் தேறினாய், நடக்காவிட்டால் கழித்துவிடுவார்கள். நடப்பதற்கென்றே பிறந்த பொருளுக்கு வேறு எப்படிப் புரியும்?

மயிலை மணலில் படுத்துக்கொண்டு அசை போட்டது. "இந்த இடம் நன்றாக இருக்கிறது. மண் மெத்தென்று இருக்கிறது. இப்படியே கிடந்துவிட்டால் என்ன?"

"கிடந்துவிட்டால் கிடந்தபடியே போகவேண்டியதுதான்" என்றது லாடம். "நொண்டி என்று சொல்லி ஒதுக்கப் பார்க்கிறார்கள், காதில் விழவில்லையா? ஒன்பது நாள் நடந்தது இதற்காகவா? மலைக்கு அந்தப் பக்கம் உனக்கு வேலை இருக்கிறது. எண்ணி நாற்பது பேரைக் கேட்டிருக்கிறார்கள். அந்த நாற்பதில் நீயும் ஒருவன்."

மயிலை அசைபோடுவதை நிறுத்தியது. "என்னையும் சேர்த்தா எண்ணியிருக்கிறார்கள்?"

"உன்னையும் சேர்த்துத்தான்."

"ஆனால் வலிக்கிறதே. எழுந்தால் நிற்க முடியவில்லையே."

"அதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றது லாடம்.

அது மூன்றாவது ஆணியிடம் திரும்பியது. "நீ வெளியே போ."

"நான் போனால் உன் பிடி தளரும். மலை ஏறும்போது நீயே கழன்று விழுந்துவிடுவாய். யோசித்துச் சொல்."

"விழுந்தால் விழுகிறேன். முதலில் இவன் நடக்க வேண்டும்."

பொய் சொல்லக் கூடாது, அந்த நேரத்தில் லாடத்தின் மனதில் கர்வம் இல்லை. மயிலையின்மேல் அதற்கு நிஜமாகவே பிரியம் வந்திருந்தது. ஒன்பது நாள் ஒரு காலைத் தாங்கினால் யாருக்குத்தான் வராது? அது மயிலையிடம் குளம்பைத் தென்னை வேரில் வைத்து அழுத்தச் சொன்னது. மயிலை அழுத்தியது. லாடம் தன் ஓரத்தை நெம்பிக் கொடுத்தது. பொழுது விடிவதற்குள் குளம்பிலிருந்து கெட்ட நீர் வடிய, ஆணி வெளியே வந்து மணலில் விழுந்தது.

விடியற்காலையில் மாமுண்டி வந்து மயிலையின் முதுகில் தட்டினார். அது ஒரே மூச்சில் எழுந்தது. நாலடி வைத்தது. பத்தடி வைத்தது. கால் தரையில் திடமாகப் பதிந்தது.

"அட, நல்லாத்தான நடக்குது" என்றார் பிச்சைமுத்து.

திருமலைச்சாமி புதுக் கயிறு ஒன்றைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றிருந்தார். முகம் வாடிவிட்டது. "நடக்குதுங்க" என்றார். "எனக்குக் குடுத்து வெக்கலீங்க, அவ்வளவுதான்" என்று கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டார். மாடுகள் சாலையில் ஏறித் திரும்பும்வரை வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பார்த்தாயா? நொண்டியாக இருந்தால் அமுக்கிப் போடலாம் என்று நின்றார்" என்றது லாடம்.

அப்போது தார்க்குச்சி என்னவோ சொல்ல வந்தாற்போல் மாமுண்டியின் கையில் ஒரு தடவை புரண்டது.

கணவாயைக் கடந்த அந்த நாள் மயிலையின் வாழ்க்கையிலேயே நல்ல நாள். காற்று எதிரே வந்து கழுத்துக்குக் கீழே தொங்கும் அலைதாடியை ஆட்டியது. இரண்டு பக்கமும் மலை, நடுவே பச்சை. சாரல் விழுந்து முதுகுத் தூசி கழுவிப் போயிற்று. நாற்பது மாடுகளில் கிழடு அதுதான். ஆனாலும் அன்று முன்வரிசையில் நடந்தது. லாடம் ஆடிக்கொண்டே வந்தது. இரண்டு ஆணியில் தொங்கினாலும் அதற்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"வேலை என்னவாக இருக்கும்?" என்று மயிலை கேட்டது.

"இங்கே இவ்வளவு தண்ணீர் இருக்கிறதே. கமலையாகத்தான் இருக்கும்."

"அப்படியானால் எனக்குத் தெரிந்த வேலைதான்" என்றது மயிலை. அந்த வாக்கியத்தை அது வழி முழுக்க மூன்று நான்கு தடவை தனக்குத் தானே சொல்லிக்கொண்டது.

பதினோராம் நாள் முற்பகலில் ஊர் வந்தது. ஊரைத் தாண்டி ஓர் உயரமான மதில். மதிலில் ஒரு தகரக் கதவு. கதவுக்கு வெளியே மாடுகளை நிறுத்தினார்கள். உள்ளேயிருந்து வைக்கோல் வாசனை வரவில்லை. வேறு ஒரு வாசனை வந்தது. மாடுகள் காதை மடக்கிக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டி நின்றன.

பிச்சைமுத்து சாக்கிலிருந்து குறடை எடுத்தார். "இரும்பு இனிமே எதுக்கு மச்சான் இதுங்களுக்கு? நல்லதாப் பாத்துப் புடுங்கிக்குவோம். அடுத்த நடைக்கு ஆவும்."

மாமுண்டி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு மயிலையின் காலைத் தூக்கிப் பிடித்தார். அவர் இந்த இடத்தில் எப்போதும் பேசமாட்டார்.

இரண்டே ஆணிதானே, நம்முடைய லாடம் லேசாக வந்துவிட்டது. பிச்சைமுத்துவின் உள்ளங்கையில் கிடந்தபடி அது முதல்முதலாக மயிலையின் முகத்தை நேராகப் பார்த்தது. அதுவரை காலடியிலேயே இருந்துவிட்டதால், அந்தக் கண் இவ்வளவு பெரியது என்று அதற்குத் தெரிந்திருக்கவில்லை.

"வேலைக்குப் போகும்போது லாடத்தைக் கழற்றுவார்களா?" என்று மயிலை கேட்டது.

லாடத்துக்கு அப்போதுதான் புரிந்தது. மொத்தமும் ஒரே நேரத்தில் புரிந்தது. சொல்ல வேண்டுமென்று பார்த்தது. பின்னாலேயே போய்விடு, அந்தக் கிணற்று மேட்டில் போவாயே, அப்படிப் போய்விடு என்று கத்த நினைத்தது. ஆனால் இந்தப் பாதை திரும்பாது என்று மயிலைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததே லாடம்தானே.

"நான் நன்றாக நடந்தேனா?" என்றது மயிலை.

"நன்றாக நடந்தாய்" என்றது லாடம்.

மயிலை திருப்தியோடு தலையை ஆட்டிக்கொண்டு கதவுக்குள் போனது. யாரும் அதைக் குத்த வேண்டியிருக்கவில்லை.

பிடுங்கிய லாடங்களைப் போட்ட சாக்கை வேலிக் கம்பில் மாட்டியிருந்தார்கள். பக்கத்திலேயே தார்க்குச்சி சாத்தியிருந்தது. மத்தியானம் முழுக்க லாடம் சாக்கின் ஓட்டை வழியாகத் தகரக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. நாற்பது உள்ளே போயின. ஒன்றும் வெளியே வரவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்று கடைசியில் கேட்டது.

"எத்தனை தடவை வந்திருக்கிறேன், தெரியாமலா?" என்றது குச்சி.

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

"நீ எப்போது கேட்டாய்? வழியெல்லாம் நீதான் சொல்லிக்கொண்டு வந்தாய்."

லாடம் மறுபடியும் கதவைப் பார்த்தது.

"அந்தத் தோப்புக்காரரிடம் இதற்கு முன் மூன்று மாடுகள் தங்கியிருக்கின்றன" என்றது குச்சி. "மூன்றும் நொண்டி. அவற்றில் ஒன்று ஏழு வருடம் வண்டி இழுத்துவிட்டுத்தான் செத்தது. அதைத் தோப்பிலேயே புதைத்து மேலே ஒரு தென்னை வைத்திருக்கிறார். கணவாய்க்கு இந்தப் பக்கம் வந்த மாடு ஏதாவது பிழைத்ததாக நான் பார்த்ததில்லை. அந்தப் பக்கத்திலேயே கால் முடங்கியதுதான் பிழைத்தது."

"அவன் கால் முடங்கித்தான் இருந்தது" என்றது லாடம். "நான்தான் சரி செய்தேன்."

இரும்பு அழாது என்பார்கள். அன்று சாயங்காலம் பெய்த மழையில் சாக்கு நனைந்து, லாடத்தின் மேல் முதல் துரு பிடித்தது. கெட்ட எண்ணத்தோடு செய்த காரியமாக இருந்திருந்தால் அந்த வேதனை கொஞ்சமாவது ஆறியிருக்கும். பிரியத்தோடு செய்ததால் ஆறவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் மணப்பாறைச் சந்தை. வேறு நாற்பது மாடுகள். லாடம் அடிப்பவர் சாக்கைக் கவிழ்த்து, பழைய இரும்புகளைத் தட்டிப் பார்த்தார். "இது இன்னும் ஒரு நடை தாங்கும்" என்று நம்முடையதை எடுத்து, துரு நீக்கி, ஒரு செவலை மாட்டின் முன்னங்காலில் வைத்தார். செங்கல் சூளையில் மண் மிதித்த மாடு அது. கால் மூட்டு இரண்டும் வீங்கிப் போயிருந்தன.

சுத்தியல் இறங்குவதற்கு முன் லாடம் மூன்றாவது ஆணியிடம் மட்டும் மெல்லச் சொன்னது. "நேராகப் போகாதே. ஒரு நூல் அளவு உள்பக்கம் சாய்ந்து நில். நான் சொல்லும்போது இன்னும் சாய வேண்டும்."

"அந்தப் பக்கம் சதை இருக்கிறது. மாட்டுக்கு வலிக்குமே" என்றது ஆணி. புது ஆணி, நல்ல மனது.

"தெரியும்" என்றது லாடம்.

சாலை தொடங்கியது. செவலை சாதுவான மாடு; பேச்சுத்துணை தேடுகிற மாடு. "லாடமே, நாம் எங்கே போகிறோம்? என்ன வேலை இருக்கும்?" என்று தினமும் கேட்டது. லாடம் ஒரு நாளும் வாயைத் திறக்கவில்லை. ஊமை லாடம் வாய்த்திருக்கிறது என்று செவலை தன்னைத் தேற்றிக்கொண்டது. ஆனாலும் அதன்மேல் கல் படாமல் பார்த்துப் பார்த்துக் காலை எடுத்து வைத்தது.

ஒன்பதாம் நாள் மேற்கே மலை தெரிந்தது. ஈரக் காற்று வந்தது. தூரத்தில் தென்னந்தோப்பு தெரிந்தபோது லாடம் ஆணிக்குச் சைகை காட்டியது.

செவலை துள்ளி நின்றது. மூன்று காலில் நின்றுகொண்டு, கண்ணில் நீர் முட்ட, காலடியைக் குனிந்து பார்த்தது.

"நான் உனக்கு என்ன கெடுதல் செய்தேன்?" என்று கேட்டது.

லாடம் ஆணியை இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்தியது.